சீறூரும் நடுகல்லும்: புறப்பாடல்கள் சில பற்றிய ஒரு நோக்கு

நடுகல் என்றதும் தமிழர்தம் வீரம் என்று தொடங்கிவிடுவது மேடைப் பேச்சாளர்க்கு மட்டுமன்றிப் பாடநூலாசிரியர்க்கும் வழக்கமாகிவிட்டது. களத்திலே பட்டவனுக்குக் கல்லெடுத்து, அவனைத் தெய்வமாகப் போற்றிய இனம் எம்மினம் என்ற பெருமிதத்தோடு செய்தி முடிந்துவிடும். அக்கல் எங்கே நின்றது, அதனைக் கழுவியவர் யார், அதன் கீழ்க் கிடந்தவன் எதன் பொருட்டு இறந்தான் என்னும் வினாக்கள் அப்பெருமிதத்துள் அமிழ்ந்து போகின்றன. புறநானூற்றுப் பாடல்களோ இவ்வினாக்களுக்கு வியக்கத்தக்க அளவு திட்டமாக விடையிறுப்பன.

கல் நின்ற இடம் பெரும்பாலும் சீறூர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் பாடிய 329ஆம் பாடலிலே, வீட்டிலேயே கள்ளைச் சமைத்துக்கொள்ளும் சில குடிகளை மட்டுமே கொண்ட ஊர் ஒன்று காட்டப்படுகின்றது. ஊர்ப்புறத்தே நின்ற கல்லுக்கு நாட்பலி ஊட்டி, நல்ல நீரால் ஆட்டி, நெய்யிட்டுப் புகைக்க, அப்புகை மேகம்போலத் தெருவெல்லாம் கமழும். அப்பாடல் உண்மையில் அவ்வூர்த் தலைவனின் கொடையைச் சொல்ல எழுந்தது. கல்லைப் பற்றிய செய்தி போகிறபோக்கில் வருவதே. அவ்வாறு வருவதாலேயே அது நம்பத்தகுந்ததாகின்றது. ஆண்டுக்கொரு முறை எடுக்கும் விழாவாக அன்றி, உலையேற்றுவது போன்ற ஊர்க்கருமமாக அங்கே இறந்தவன் நினைக்கப்பட்டான்.

மாங்குடி கிழாரின் 335ஆம் பாடல் இடையிலே சிதைவுற்றுக் கிடைத்திருப்பினும் இவ்வகையில் மிக முக்கியமானது. குரவு, தளவு, குருந்து, முல்லை என நான்கு பூக்கள். வரகு, தினை, கொள், அவரை என நான்கு உணவுகள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகள். இவ்வரிசையின் இறுதியில், பகைவரை மறித்து யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல் நிற்கின்றது. நெல்லைத் தூவி வழிபடுதற்கு வேறு கடவுள் இல்லை என்கிறார் புலவர். இதனைக் கடவுள் மறுப்பாகக் கொள்வோரும் உளர். ஆனால் உணவுப் பட்டியலிலே நெல் இல்லை என்பதனை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நெல் சொரியப்படும் தெய்வம் நீர்வளம் மிக்க வேற்று நிலத்தது. வரகும் கொள்ளும் விளையும் ஊருக்கு அது அந்நியமானது. (கல்லுக்கே நெல் தூவப்பட்டது எனவும் அவ்வடிக்குப் பொருள் கொள்ளலாம். அவ்வாறாயின், தம் நிலத்தில் விளையாத அரிய தானியத்தை அக்கல்லுக்கெனத் தேடினர் என்றாகும்.) எவ்வாறு கொள்ளினும், தன் மண்ணிலே பூப்பதும் விளைவதும் எவையோ அவற்றின் வரிசையிலேயே தன் மண்ணுக்காக விழுந்தவனையும் வைத்து எண்ணும் ஊரின் கணக்கு அது.

நடுகல்லானோருட் பலர் ஆநிரைப் பூசலிலே பட்டவர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறு நிலைகளையும் தொல்காப்பியர் வெட்சித்திணையிலேயே அடக்கியமை மனங்கொள்ளத்தக்கது. ஆநிரையே செல்வமாக இருந்த ஊரில், அதனை இழத்தல் பட்டினி. மீட்டவன் இறத்தல் மற்றொரு வகைப் பட்டினி. உறையூர் இளம்பொன் வாணிகனார் 264ஆம் பாடலில் பரற்கற்கள் நிறைந்த மேட்டையும், மரல் நாரால் தொடுத்த செம்பூங் கண்ணியையும், மயிற்பீலியையும், பொறித்த பெயரையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, கன்றும் கறவையுமாக மீட்டுத் தந்தவன் மறைந்தமை அறியாது பாணர் சுற்றம் இன்றும் வருமோ என்று வினவி நிறுத்திவிடுகின்றார். புகழ் நிலைத்தது என்றோ பெயர் அழியாது என்றோ ஒரு சொல் இல்லை. ஆவூர் மூலங்கிழாரின் 261ஆம் பாடலும் இத்தகையதே. அடையாத வாயிலையுடைய வீட்டின் முற்றம் நீரற்ற ஆற்றிலே கிடக்கும் ஓடம்போல ஆகிவிட்டது. வீடே அணியிழந்த கைம்பெண்போலப் பொலிவற்றிருக்கின்றது. கல் வீரனைப் பற்றிப் பேசலாம். பாடல் பேசுவது எஞ்சியோரைப் பற்றியே.

இவ்வகைப் பாடல்களுள் மிகக் கடினமானது 306ஆம் பாடல். பெண்பாற் புலவராகக் கொள்ளப்படும் அள்ளூர் நன்முல்லையார் இதனைப் பாடியுள்ளார். சீறூர்ப் பெண்ணொருத்தி நடுகல்லை இடைவிடாது தொழுகின்றாள். விருந்தினர் தன்னிடம் வரவேண்டும் என்பது ஒரு வேண்டுதல். தன் கணவனுக்கு நாடு தரக்கூடிய பெரும்பகை வாய்க்கவேண்டும் என்பது மற்றையது. மறக்குடி மகளின் மாண்பு என இதனை விளக்கிச் செல்வதே மரபு. ஆயின் பாடல் அப்பெண்ணோடு தொடங்கவில்லை, கூவலோடு தொடங்குகின்றது. யானைகள் கலக்கியமையால் உண்ணுநீர் பெறுதற்கு அரிதாகிவிட்ட கூவல் அது. போர் அவ்வூருக்கு ஏற்கெனவே வந்துபோயிற்று. நீரையே கெடுத்துவிட்டுப் போயிற்று. அந்நீரை உண்ணும் ஒருத்தி, போரிலே இறந்த ஒருவனின் கல்லிடம், மேலும் ஒரு போரை வேண்டுகின்றாள்.

அவள் அறியாமையால் வேண்டுகிறாள் எனல் பொருந்தாது. விருந்தும் பகையும் ஒரே மூச்சில் வேண்டப்படுவதை நோக்கவேண்டும். விருந்தோம்பப் பொருள் வேண்டும். அச்சிற்றூரிலே பொருள் வரும் வழி போர். கணவனின் உயிரை ஈடுவைத்தே அவள் தன் அடுக்களையை நிரப்பமுடியும். புலவர் இதனைக் கண்டிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. கலங்கிய கூவலை முன்னே வைத்ததோடு நின்றுவிடுகின்றார். அக்கூவலை வெறும் வருணனை என்று ஒதுக்குபவர் பாடலின் பாதியை இழக்கின்றார். மறுபுறம், நன்முல்லையாரைப் போரெதிர்ப்புப் புலவராக்கிவிட முனைவோரும் அத்துணை இழப்புக்கே உள்ளாவர். நினைவுக்கல் இறந்தவனைப் போற்றுவதோடு அமையாது, அடுத்து இறக்கவேண்டியவனையும் அழைக்கக்கூடியது என்ற உண்மையை இப்பாடல் போல வேறெதுவும் இத்துணை அமைதியாகச் சொல்லவில்லை.

பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டில் வெளியான தம் ஆங்கில நூலிலே சான்றோர் செய்யுள்களை வீரயுகப் பாடல்களாக நிறுவியபோது, அவற்றைப் பிறநாட்டு வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு நோக்கும் வழி திறந்தது. அதன் பயன் பெரிது. எனினும், வீரயுகம் என்னும் சட்டகம் வீரன், அவனைப் பாடுவோன், அவன் அவாவும் புகழ் ஆகிய மூன்றையுமே ஒளியில் நிறுத்துவது. கூவலும் முற்றமும் பாணர் சுற்றத்தின் பசியும் அதன் ஓரத்திலேயே கிடக்கின்றன. அதியமானைப் பாடிய ஔவையார்கூட 232ஆம் பாடலில் புகழைச் சொல்லித் தேறவில்லை. நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் சிறுகலத்திலே வார்க்கும் இக்கள்ளைக் கொள்வானோ என்று கல்லின் முன் தடுமாறுகின்றார்.

பாடல்கள் காட்டும் இவ்வுலகு கற்பனையன்று என்பதற்குக் கற்களே சான்று. 2006ஆம் ஆண்டிலே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளைக் குறிப்பிடுகின்றது. பல நூற்றாண்டுகளின் பின் எழுந்த செங்கம் பகுதிக் கற்களுள் எடுத்தனூர்க் கல் தனித்துச் சொல்லத்தக்கது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகள் பற்றிய பூசலிலே பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்ற செய்தியும், கோவிவன் என்ற அதன் பெயரும் கல்லிலே உள்ளன. நாயின் உருவமும் உண்டு. பல்லவப் பேரரசன் அங்கே ஆண்டைக் கணக்கிடுதற்கே பயன்படுகின்றான். நாயின் பெயரை எழுதவேண்டும் என்று தோன்றியது அதனைத் தெருவிலே கண்டு பழகியவர்க்கே இயலும்.

ஊரை நீங்கிய கல்லின் நிலை வேறு. அகநானூற்று 343ஆம் பாடலில் மதுரை மருதன் இளநாகனார் பாலைவழிக் கல்லொன்றைக் காட்டுவார். உமணரின் வண்டிச் சில்லுப் பட்டு அதன் தலை சிதைந்திருக்கின்றது. சூடிய கண்ணி வாடிவிட்டது. நீராட்டுவார் இன்மையால் பக்கமெல்லாம் மண் படிந்து கிடக்கின்றது. உளியாற் பொறித்த எழுத்தின் கோடுகள் தேய்ந்துபோயின. அவ்வழியே செல்லும் புதியவர்கள் நின்று படிக்கின்றனர். எழுதியவர் கருதாத வேறொரு பொருள் அவர்களுக்குக் கிட்டுகின்றது.