ஹீலர்: எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர

ஆக்‌ஷனும் காதலும் சேர்ந்த கொரியத் தொடர் ஒண்ணு சொல்லு என்று கேட்டால், வந்து பத்து வருடம் ஆன பிறகும் 'ஹீலர்' பெயரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2014 டிசம்பரில் தொடங்கி 2015 பிப்ரவரியில் முடிந்த 20 எபிசோடுகள். பேச்சு பெரும்பாலும் ஜி சாங்-உக் மாடிக்கு மாடி தாவுவதிலும், எட்டாவது எபிசோடில் மொட்டைமாடிப் பனியில் வரும் முத்தத்திலும் நின்றுவிடும். அதைத் தாண்டியும் இதில் பேச நிறைய இருக்கிறது. சண்டை போடவும் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்குக் கதை சுருக்கமாக (முக்கியமான திருப்பங்களைச் சொல்லப்போகிறேன்). ஜங்-ஹூ, 'ஹீலர்' என்ற பெயரில் காசுக்கு எதையும் எடுத்துக் கொடுக்கும் இரவுக் கூரியர். முகம் காட்டமாட்டான், கொலை செய்யமாட்டான். யங்-ஷின், சின்ன இணையப் பத்திரிகையில் சினிமாக் கிசுகிசு எழுதும் நிருபர். மூன்-ஹோ, நாடே அறிந்த டிவி செய்தியாளர். இந்த மூவரையும் கட்டிப்போடுவது எண்பதுகளின் தொடக்கத்தில் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் திருட்டு ரேடியோ நடத்திய ஐந்து நண்பர்களின் கதை. அந்தக் கூட்டம் 1992இல் ஒரு சாவோடும் ஒரு துரோகத்தோடும் உடைகிறது. அதன் பிள்ளைகள்தான் நாயகனும் நாயகியும்.

எழுதியவர் சோங் ஜி-நா. 1995 ஜனவரியில் இவர் எழுதிய 'மணல் கடிகாரம்' ஒளிபரப்பானபோது, சியோல் தெருக்கள் காலியாகும் அளவுக்கு மக்கள் வீட்டுக்கு ஓடினார்கள் என்பார்கள். குவாங்ஜு படுகொலையை வெகுஜனத் தொடருக்குள் கொண்டுவந்த கதை அது. அதே மாதம் நம்ம பக்கம் 'பாட்ஷா' வந்தது. இந்த ஒப்பீடு சும்மா தேதிப் பொருத்தத்துக்காக இல்லை. அடையாளத்தை மறைத்து அடிவாங்கும் நாயகன் நமக்கு ரொம்பப் பழக்கமானவன். மாணிக்கம் கம்பத்தில் கட்டுண்டு அடிவாங்கும்போதே நாம் பாட்ஷாவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம். ஹீலரிலும் ஜங்-ஹூ, போங்-சூ என்ற பயந்தாங்கொள்ளி ஜூனியர் நிருபராக வேஷம் போட்டு யங்-ஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அடியும் வாங்குகிறான். ஆனால் சோங் ஜி-நா நமக்கு அந்த வெடிப்பைத் தருவதில்லை. போங்-சூதான் ஹீலர் என்று யங்-ஷின் தானே கண்டுபிடிக்கிறாள். உடனே போய்க் கேட்கவும் இல்லை. அவனாகச் சொல்லட்டும் என்று, தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ரகசியம் அவனிடமிருந்து அவள் கைக்கு மாறும் அந்த எபிசோடுகளில் பார்க் மின்-யங் பிரமாதம். முகமூடி நாயகர்களின் காதலிகள் ஏமாளிகளாகவே இருக்கவேண்டும் என்ற வழக்கத்தை இந்தத் தொடர் சத்தமில்லாமல் உடைக்கிறது.

ஆக்‌ஷனும் அப்படித்தான். அவன் சண்டை போடுவதைவிடத் தப்பித்து ஓடுவதுதான் அதிகம். மனிதர்களே வேண்டாம், ஆளில்லாத ஒரு தீவு வாங்கிப் போய்விடலாம் என்று காசு சேர்ப்பவனுக்கு அந்த ஓட்டம்தான் குணச்சித்திரம். அவனுக்கு உலகத்தோடு இருக்கும் ஒரே இணைப்பு, போனில் வழிநடத்தும் ஹேக்கர் மின்-ஜா. முன்னாள் போலீஸ், கிம்பாப் தின்றுகொண்டே எந்த சர்வரையும் உடைக்கும் ஆன்ட்டி. தாய்மையை இவ்வளவு எரிச்சலோடு நடித்துக் காட்டிய கிம் மி-கியங்குக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இனி சண்டை. இது செய்தியாளர்களைப் பற்றிய தொடர். வந்த வருடம் 2014. அந்த ஏப்ரலில் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மாணவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டார்கள் என்று டிவிகள் முதலில் தவறாகச் சொன்ன நாள் அது. அந்தக் காயம் ஆறாத நேரத்தில், உண்மையைச் சொல்வது எப்படி என்று கேட்கிற கதை வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே யங்-ஷினின் பெற்றோர் யார் என்பது மூன்-ஹோவுக்குத் தெரியும். ஜங்-ஹூவுக்குத் தெரியும். வளர்ப்பு அப்பாவுக்கும் தெரியவருகிறது. அம்மா உயிரோடு, அதுவும் வில்லனின் மனைவியாக, அதே நகரத்தில் இருக்கிறாள் என்பது கடைசியாகத் தெரிவது யங்-ஷினுக்குத்தான். ஒரு நிருபரிடமிருந்து அவளுடைய சொந்தச் செய்தியையே மூன்று ஆண்கள் மறைத்து வைக்கிறார்கள், அவள் தாங்கமாட்டாள் என்று. தொடர் இதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறது. தணிக்கை செய்கிறவர்களும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள்!

இரண்டாவது, வில்லன். மூன்-ஹோவின் அண்ணன் மூன்-சிக் அந்த ஐந்து பேரில் ஒருவன். ஒரு காலத்தில் நண்பர்களோடு சர்வாதிகாரத்துக்கு எதிராக நின்றவன், அதிகாரத்தின் ஆளாக எப்படி மாறினான்? கொரியாவின் ஒரு தலைமுறையையே கேட்கவேண்டிய கேள்வி. தொடர் தரும் விடை: நண்பனின் மனைவி மேல் ஆசை. அவனுக்கு மேலே 'பெரியவர்' என்று ஒரு நிழல் மனிதர். மொத்த அமைப்பின் எடையையும் ஒரு பொறாமை, ஒரு கிழவர் என்று இரண்டே தூணில் ஏற்றினால் கட்டடம் நிற்காது. அதனால்தான் கடைசி எபிசோடுகள் அவ்வளவு அவசரமாகச் சரிகின்றன.

கதைக்கு வெளியே ஒரு தகவல். 1980 நவம்பரில் சுன் டூ-ஹ்வானின் ஆட்சி ஊடகங்களை வலுக்கட்டாயமாக இணைத்தது. டிபிசி என்ற தனியார் டிவி அப்படித்தான் கேபிஎஸ் 2 ஆனது. ஹீலர் ஒளிபரப்பானது அதே கேபிஎஸ் 2இல். திருட்டு ரேடியோக்காரர்களின் கதைக்கு இதைவிடக் கூர்மையான பின்னணி கிடைத்திருக்காது.

இதெல்லாம் பொழுதுபோக்குத் தொடரிடம் கேட்கலாமா என்றால், கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன். நான் இருக்கும் பொங்கோலில், 1942 பிப்ரவரி 28 அன்று ஜப்பானியர்கள் நூற்றுக்கணக்கான சீனர்களைச் சுட்டுக் கொன்ற கடற்கரை இருக்கிறது. நினைவுப் பலகையும் இருக்கிறது. சைக்கிளில் கடந்து போகிறவர்கள் பாதிப்பேர் நிற்பதில்லை. அப்பா, தாத்தா காலத்துக் கதையை நம் தலைமுறையிடம் சேர்க்கக் காதலும் கூரைத் தாவலும் உதவுமென்றால், அந்தக் கதையை அரைகுறையாகச் சேர்க்கக்கூடாது.

ஆனாலும் பாருங்கள். முத்தக் காட்சிக்குப் பிறகு நிறுத்திவிடாதீர்கள். தெரிந்தபிறகும் தெரியாதவள் மாதிரி போங்-சூவிடம் பேசும்போது யங்-ஷினின் கண்களைக் கவனியுங்கள். தொடரில் உண்மையை யார் சரியாகக் கையாள்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.