டிஸ்க் போகவில்லை, நடுவில் இருக்கும் சிப் திணறுகிறது

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வெளி ஹார்ட் டிஸ்க், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்த மறுநாள் பாதிக் கோப்பில் நின்றுவிடுகிறது. நகலெடுப்பதைக் காட்டும் கோடு உறைகிறது. அரை நிமிடம் கழித்துக் கொஞ்சம் நகர்கிறது, மறுபடி உறைகிறது. கடைசியில் டிஸ்க்கே திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. பதறிப்போனவர் ஃபார்மேட் போடுவார், இல்லையென்றால் புது டிஸ்க் வாங்கக் கிளம்புவார். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று கேசிங்குக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்குக்கும் கேபிளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும், விரல்நகம் அளவே உள்ள பிரிட்ஜ் சிப்தான் அது.

டிஸ்க் பேசுவது சாட்டா மொழி, கேபிளில் போவது யுஎஸ்பி மொழி. இரண்டுக்கும் நடுவே துபாஷி வேலை பார்ப்பது இந்தச் சிப். பழைய யுஎஸ்பி முறையில் அதற்கு வேலை எளிது. ஒரு கட்டளை வரும், அது முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். பின்னால் வந்த யுஏஎஸ் முறை அப்படியல்ல. பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தி, எது முதலில் முடிகிறதோ அதை முதலில் அனுப்பச் சொல்லும். வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அத்தனை கட்டளையையும் குழப்பாமல் நினைவில் வைக்கும் திறன் சிப்புக்கு இருக்க வேண்டும். எல்லாச் சிப்புக்கும் அது இல்லை.

புதுப்பித்த மறுநாளே கோளாறு தலைகாட்டுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. லினக்ஸ் கர்னலில் யுஏஎஸ் டிரைவர் சில காலம் கோளாறானது என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2014 ஜூனில் வந்த 3.15 பதிப்பில் அதைச் சீர்செய்து மறுபடி திறந்துவிட்டார்கள். உபுண்டு 14.04இல் இருந்தது 3.13 கர்னல், அதே ஆண்டு அக்டோபரில் வந்த 14.10இல் இருந்தது 3.16. பழையதிலிருந்து புதியதற்குத் தாவியவரின் கேசிங், அதற்கு முன் லினக்ஸில் பெரும்பாலும் ஒருமுறைகூட யுஏஎஸ் முறையில் வேலை செய்திருக்காது. சிப்பில் இருந்த குறை புதிதாக முளைத்ததல்ல. அதுவரை யாரும் அந்தக் கதவைத் தட்டாததால் வெளியே தெரியவில்லை.

அந்த டிரைவரைச் சீரமைத்தவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் டி கூடே. அவர் பட்ட பாடு கர்னலின் மூல நிரலில் குறிப்பாகவே பதிவாகியிருக்கிறது. ஏஎஸ்மீடியா நிறுவனத்தின் ஏஎஸ்எம்1051 சிப்பில் யுஏஎஸ் சரியாக இயங்காது, ஏஎஸ்எம்1153இல் இயங்கும். ஆனால் அந்த வரிசைச் சிப்புகள் ஒரே அடையாள எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால், எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே கர்னல் சுற்றி வளைத்துத் துப்பறிகிறது. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அறிவிக்கும் இடத்தில் பூஜ்யம் இருந்தால் 1153, 36 இருந்தால் பழைய வகை. பழைய வகையிலும் 1051ஐயும் தொடக்ககால 1053ஐயும் பிரிக்க, ஒரே நேரத்தில் எத்தனை ஓடைகளைத் தாங்கும் என்று பார்க்கிறது: முதலாவதற்கு 32, இரண்டாவதற்கு 16. சீகேட் கேசிங்குகளில் சிக்கல் வேறு விதம். டிஸ்க்கின் உடல்நிலையை விசாரிக்கும் ஒருவகைக் கட்டளை போனாலே பல மாடல்கள் தடுமாறின. மாடல் மாடலாக விலக்கு எழுதிப் பார்த்து, 2017இல் அந்த நிறுவனத்தின் எல்லாச் சாதனங்களுக்குமே அந்தக் கட்டளையை கர்னல் நிறுத்திவிட்டது.

2019இல் ராஸ்பெரி பை 4 வந்தபோது இதே கதை திரும்ப நடந்தது. பை 3இல் இருந்தது யுஎஸ்பி 2.0 மட்டுமே. அதில் சாதுவாக ஓடிய எஸ்எஸ்டியை, அதே அடாப்டரோடு பை 4இன் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் செருகியதும் பலருக்கு வேகம் படுத்தது. ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்578 சிப் வைத்த அடாப்டர்கள் இதில் அதிகம் அடிபட்டன.

சோதித்துப் பார்ப்பது கடினமில்லை. டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஹைஃபன் டி சேர்த்து ஓட்டினால், எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்பது மரம்போல விரியும். டிஸ்க்குக்கு நேரே யுஏஎஸ் என்று இருந்தால் அடுத்தது, கர்னலின் பதிவேட்டைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளை. அந்தப் பதிவேட்டில் 'யுஏஎஸ்', 'அபார்ட்' என்ற சொற்கள் சேர்ந்து வரும் வரிகளும், 'ரீசெட் சூப்பர்ஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ்' என்ற வரியும் மாறி மாறி வந்தால் சந்தேகம் பெரும்பாலும் பாதையின் மேல்தான்: சிப், கேபிள் அல்லது மின்சாரம். 'மீடியம் எர்ரர்' என்று வந்தால் கதையே வேறு. அது டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு என்பதற்கான அடையாளம். வேறு எதையும் நோண்டாமல் முதலில் தரவை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அரை நிமிட உறைவுக்கும் காரணம் உண்டு. பதில் வராத கட்டளைக்காக லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும்.

சிப்தான் என்று தெரிந்தால், அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைக்கலாம். ராஸ்பெரி பையில் சிஎம்டிலைன் என்ற கோப்பின் தொடக்கத்தில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்ற அமைப்பை, எல்எஸ்யுஎஸ்பி காட்டும் அடையாள எண்ணோடும் 'யு' என்ற எழுத்தோடும் சேர்க்க வேண்டும். பையின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் 2023இன் புக்வோர்ம் பதிப்பு முதல் அந்தக் கோப்பு, 'பூட்' ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபர்ம்வேர்' ஃபோல்டரில் இருக்கிறது. அதில் இருப்பது எல்லாம் ஒரே வரி. தவறி ஒரு என்டர் தட்டினால் கணினியே எழும்பாமல் போகலாம், ஆகவே முதலில் அந்தக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைப்பது நல்லது. அணைத்த பிறகு பெரிய படக்கோப்புகளை நகலெடுப்பதில் இழப்பு அதிகம் தெரியாது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் புரட்டும் வேலையில் தெரியும். பாதியில் நின்றுபோகும் வேகத்தைவிட, கடைசிவரை ஓடும் நிதானம் எத்தனையோ மேல்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. யுஎஸ்பி 3.0 துளை தர வேண்டியது 900 மில்லி ஆம்பியர். பை 4இன் நான்கு துளைகளும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். தனி மின் இணைப்பு உள்ள ஹப்பில் செருகியதும் சிக்கல் தீர்ந்தால் சிப்பின் மேல் பழியில்லை.

விண்டோஸிலும் மேக்கிலும் காரணங்கள் வேறு. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட், வெளி டிஸ்க்கோ மெமரி கார்டோ செருகியிருந்த கணினிகளில் நிறுவ மறுத்தது. டிரைவ் எழுத்துகள் தவறாக மாறிவிடும் என்பதே காரணம். 2013இல் ஓஎஸ் எக்ஸ் மேவரிக்ஸ் வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. தன் டிஸ்க் மேலாண்மை மென்பொருளை நீக்கிய பிறகே புதுப்பிக்கும்படி சொன்னது. சிலருக்கு அதற்குள் தரவு போயிருந்தது. புதுப்பிக்கும் முன் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைப்பது இரண்டு இடத்திலும் பொருந்தும்.

இத்தனைக்கும் நடுவே வாங்குபவருக்குப் பெரிய அநியாயம் ஒன்று நடக்கிறது. கேசிங் பெட்டியில் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே எந்தச் சிப் என்பது பெரும்பாலும் இருக்காது. ஒரே மாடல் பெயரில் இன்று ஒரு சிப்பும் அடுத்த சரக்கில் வேறொரு சிப்பும் வரலாம். சிப்பின் பெயரை வெளிப்படையாக அச்சிடும் கேசிங் கிடைத்தால் சில நூறு ரூபாய் அதிகம் கொடுத்தும் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் எல்எஸ்யுஎஸ்பி காட்டும் அடையாள எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கேசிங்கின் அடியில் ஒட்டிவைத்தால், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு தேடல் அந்த எண்ணிலிருந்தே தொடங்கும்.