நாற்பத்தொன்றாம் நாளுக்குப் பிறகு

நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அகற்றும் அறுவை, முடித்து வந்த திருநங்கையை நாற்பது நாள் வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை வெளியிலிருந்து எழுதியவர்கள் பெரும்பாலும் சடங்காக மட்டுமே பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி பார்க்கக் கூடாது, ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது, நாற்பதாம் நாள் மஞ்சளும் மருதாணியும் பூசி, தங்கள் தெய்வமான மாதாவைக் கும்பிட்டு, நீர்நிலையில் பால் ஊற்ற வேண்டும். வர்ணனைகள் அதோடு நின்றுவிடும். அந்த நாற்பது நாளும் சோறு வடித்தது யார், இரத்தம் ஊறிய துணியை அலசியது யார், நள்ளிரவில் சிறுநீர் பிரியாமல் துடித்தவளுக்கு வெந்நீர் வைத்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு. திருநங்கைகளின் குழுக் குடும்பமான ஜமாத்தின் இந்த வழக்கத்தை நான் ஒரு மருத்துவப் பராமரிப்பு முறையாகவே எடுத்துக்கொண்டு எடைபோட விரும்புகிறேன். அப்படிப் பார்த்தால் அதன் பலம் நாம் நினைத்ததைவிடப் பெரியது. அதன் குறையும் நாம் நினைத்த இடத்தில் இல்லை.

பலத்தை முதலில் சொல்ல வேண்டும். நாற்பது நாள் என்பது ஏறத்தாழ ஆறு வாரம். கனமான பொருள் தூக்காதே, நெடுநேரம் உட்காராதே, வேலைக்கு ஓடாதே என்று இன்றைய அறுவை மருத்துவர்கள் சொல்வதும் இதே ஆறு வாரக் கணக்கில்தான். ஆனால் சொல்வது வேறு, அதற்கு வழி செய்து கொடுப்பது வேறு. கடை கடையாகக் காசு கேட்டு அன்றாடம் பிழைப்பவரிடம் ஆறு வாரம் ஓய்வெடு என்று சொல்லிவிட்டு மருத்துவமனை கதவைச் சாத்திக்கொள்கிறது. ஜமாத்தோ அந்த ஆறு வாரத்துக்கான அரிசியையும் வாடகையையும் ஆளையும் தருகிறது. குருவோ, மூத்த மகளோ, உடன் சேலாவோ (சக சிஷ்யையோ) ஒருத்தி கூடவே இருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பதுபோலவே எல்லாம் நடக்கிறது. பிறந்த வீடு கைவிட்ட ஒருவருக்கு, வலியோடு படுத்திருக்கும்போது ‘அம்மா’ என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பதன் மதிப்பை எந்த மருத்துவக் கையேட்டாலும் அளக்க முடியாது. ஜமாத்துக்கு வெளியே வாழும் படித்த, வேலையில் இருக்கும் திருநங்கைகள் பலர் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்து தேறுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இந்த வழக்கத்தின் அருமை விளங்கும். திருநங்கையரான ரேவதியின் எழுத்திலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’விலும் அந்த நாள்களின் வலியோடு சேர்ந்தே சக திருநங்கைகளின் கைப்பக்குவமும் பதிவாகியிருக்கிறது.

குறை என்று வரும்போது, பால் விலக்குவதையும் பழம் விலக்குவதையும் காட்டிப் பலரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், மலம் இறுகாமல் இருக்கத் தண்ணீரும் நாருள்ள உணவும் வேண்டும். ஆகவே பால் குடித்தால் சீழ் வைக்கும் என்ற நம்பிக்கை உதவாதுதான். ஆனால் அது எளிதில் திருத்தக்கூடிய குறை. பாலுக்குப் பதில் முட்டையும் பருப்பும் மீனும் போதும். உண்மையான சிக்கல் வேறு. இந்த நாற்பது நாள் முறை உருவானது தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் நடந்த நிர்வாணத்துக்காக. அது உறுப்பை அகற்றும் செயல். அங்கே காயம் மூடி ஆற வேண்டும், சிறுநீர்த் துளை மட்டும் அடைபடாமல் இருக்க வேண்டும். அசையாமல் கிடப்பது, கழுவாமல் விடுவது, பார்க்காமல் இருப்பது எல்லாம் மூட வேண்டிய காயத்துக்கான ஒழுங்குகள். இன்று மருத்துவமனைகளில் நடப்பதோ பெரும்பாலும் பெண்ணுறுப்பை அமைக்கும் அறுவை. ஆண்குறியின் தோலை உள்பக்கமாகத் திருப்பி ஒரு குழிவை உருவாக்குகிறார்கள். உடல் அந்தக் குழிவையும் காயமாகவே எண்ணிச் சுருக்கி மூடப் பார்க்கும். அதைத் திறந்தே வைத்திருப்பதுதான் இனி வாழ்நாள் வேலை. அறுவை மாறிவிட்டது. பத்தியம் பழைய காயத்துக்கே நடந்துகொண்டிருக்கிறது.

இது நடைமுறையில் எப்படி மோதுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அறுவை முடிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் உள்ளே வைத்த துணிப் பொதியையும் சிறுநீர்க் குழாயையும் எடுப்பார்கள். குழிவைத் திறந்து வைத்திருக்கும் டைலேட்டர் என்ற கருவியின் பயன்பாடு உடனே தொடங்கிவிடும். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம். அடுத்த மூன்று மாதம் நாளுக்கு ஒரு தடவை. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஓராண்டை நெருங்கும்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அதற்குப் பிறகும் முற்றிலும் விட்டுவிட முடியாது. அளவு சிறியதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும்போது பெரியதற்கு மாற வேண்டும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல் வேண்டும், தேங்காய் எண்ணெயும் வாசலினும் ஆகாது. கருவியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். முதல் மூன்று மாதங்களில் விட்டுப்போன ஆழத்தையும் அகலத்தையும் பின்னால் மீட்பது மிகக் கடினம், சில வேளை மறு அறுவையால்தான் முடியும். அந்த மூன்று மாதத்தின் முதல் பாதியில்தான் நாற்பது நாள் விரதம் வருகிறது.

கண்ணாடி விலக்கை எடுத்துக்கொள்வோம். நாற்பதாம் நாள் முதன்முதலாகத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதில் ஓர் அழகு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அறுவை செய்துகொண்டவருக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படுவது ஒரு கைக்கண்ணாடி. புதிய உறுப்பின் துவாரம் எங்கே, சிறுநீர்த் துளை எங்கே, தையல் எங்கே பிரிகிறது, எங்கே நிறம் கறுக்கிறது என்று தானே பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் டைலேட்டரைச் சரியான கோணத்தில் வைக்க முடியும். முகத்துக்கான விலக்கு மெல்ல மெல்ல உடம்பு முழுவதற்கும் பரவி, ‘அங்கே பார்க்காதே, தொடாதே, தானே ஆறிடும்’ என்றாகிவிடுவதுதான் ஆபத்து. வெளியே போகக் கூடாது என்ற விலக்கும் அப்படித்தான். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, பேடு நனைந்து நனைந்து வரும் இரத்தம், சிறுநீர் அடைப்பு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, புதிய துவாரம் வழியாகக் காற்றோ மலமோ வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் நாற்பது நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலக்குடலுக்கும் புதிய உறுப்புக்கும் இடையே துளை விழுவது அரிது. விழுந்தபின் மறைத்து வைத்தால் வாழ்க்கையே நாறிப்போகும். இதற்கு நேர்மாறாக, சிறு சிறு சிவந்த சதை முளைப்பும் கொஞ்சம் மஞ்சள் கசிவும் பலருக்கும் வருவன. பயந்து டைலேட்டரை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டினால் சில்வர் நைட்ரேட் தொட்டுச் சரிசெய்துவிடுவார். எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்ற இந்தப் பிரித்தறிவு மூத்தவர்களிடம் இல்லை. அவர்கள் பட்டறிந்த உடம்பு வேறு உடம்பு.

அப்படியானால் அந்த அறிவை மருத்துவமனை கொடுக்கிறதா? இந்தியாவில் இந்த அறுவையை அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் செய்யத் தொடங்கியதில் தமிழ்நாடு முன்னோடி. 2008இல் திருநங்கைகளுக்கான நலவாரியம் அமைந்ததையொட்டி, சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு பல உயிர்களைக் கத்தி பிடிக்கத் தெரியாத கைகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த இலவசம் அறுவை மேசையோடு முடிந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. டைலேட்டர் பயன்படுத்தவும் என்று அதில் ஒரு வரி இருக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் தங்கும் வீட்டில், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்தில், நாளுக்கு மூன்று தடவை கால் விரித்துப் படுக்க ஒருத்தி எங்கே போவாள் என்று அந்த வரி யோசிப்பதில்லை. சந்தேகம் கேட்க வந்தால் புறநோயாளி வரிசையில் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போகச் சொல்வார்கள். அங்கிருந்து மகளிர் பிரிவுக்கு, அங்கிருந்து சிறுநீரகப் பிரிவுக்கு. 2021 ஜூலையில் கேரளத் திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ், அறுவை முடிந்து ஓராண்டு ஆகியும் நிற்கவோ வேலை செய்யவோ முடியாத வலியில் இருப்பதாக வெளிப்படையாகப் பேசினார். சில நாள்களிலேயே இறந்துபோனார். அவர் சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளராக முன்வந்தவர், வானொலியில் பேசியவர், குரல் உள்ளவர். அவருடைய வலிக்கே ஓராண்டாகக் காது கிடைக்கவில்லை என்றால் மற்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சாவைக் காட்டி அறுவையே தவறு என்பவர்களும் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று, அறுவைக்காக வருந்தியவர்கள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் என்கிறது. அவை பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இந்தப் பெண்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்தே கேட்கிறார்கள் என்பதற்கு அது போதும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் காரணமில்லாமல் அழுகை வருவதும், ‘இதற்கா இத்தனை பாடு’ என்று தோன்றுவதும் உடல் சோர்வின், ஹார்மோன் மாற்றத்தின் வேலையாகவும் இருக்கலாம். அதை வருத்தம் என்று தப்பாகப் படித்துவிடக் கூடாது. ஜமாத் வீட்டின் கூட்டமும் பேச்சும் கேலியும் அந்த வாரங்களைத் தாங்கிக் கடத்த உதவுகின்றன.

இன்னும் பெரிய இடைவெளி நாற்பத்தொன்றாம் நாளில் தொடங்குகிறது. விழா முடிந்ததும் அவள் முழுமையானவள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவளும் நம்புகிறாள். ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். விதைகள் அகற்றப்பட்ட உடம்பில் பாலின ஹார்மோன் அநேகமாக ஊறுவதே இல்லை. வெளியிலிருந்து ஈஸ்ட்ரஜன் தராவிட்டால் உடம்பு கொதிப்பதும் வியர்ப்பதும் சோர்வும் மட்டுமல்ல, எலும்பும் கரையும். முப்பதில் நிறுத்தியவருக்கு ஐம்பதில் இடுப்பு முறியும்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது. மறுபக்கம், நிறுத்தாதவர்களில் பலர் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை விழுங்குகிறார்கள். அதிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ராடயோல் இரத்தக் கட்டி ஆபத்தை உயர்த்துவது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஈஸ்ட்ராடயோல் மாத்திரையோ ஜெல்லோ மருத்துவர் அளவோடு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு இரத்தப் பரிசோதனையோடு எடுப்பதுதான் முறை. விதைகள் போனபின் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்குப் பொதுவாகத் தேவை இராது. அதையும் பழக்கத்தில் தொடர்பவர்கள் உண்டு.

புரோஸ்டேட் சுரப்பியைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை. அறுவையில் அதை எடுப்பதில்லை. ஐம்பது கடந்த திருநங்கைக்கும் அதில் வீக்கமோ புற்றோ வரலாம். ஈஸ்ட்ரஜன் எடுப்பவருக்கு, புரோஸ்டேட்டுக்காக இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும் என்பதால், மற்றவர்களுக்கு ‘நார்மல்’ என்று படும் எண் இவருக்கு நார்மலாக இருக்க வேண்டியதில்லை. பெருங்குடல் துண்டால் உறுப்பு அமைத்தவர்களுக்கு அந்தத் துண்டையும் கண்காணிக்க வேண்டும். இதெல்லாம் கேட்க, ஆதார் அட்டையில் பெண் என்றிருக்கும் அறுபது வயதுக்காரி ஆண்கள் நிரம்பிய சிறுநீரகப் பிரிவில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

அரசும் ஜமாத்தும் ஒரு விஷயத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டுக்கும் அறுவை என்பது ஒரு படி தாண்டுதல். பாலின அடையாளத்துக்கு அறுவையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் சொன்னது. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவோ அறுவை முடித்தவருக்குத் திருத்திய சான்றிதழ் தர வழி வைத்தது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் அறுவைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, காப்பீடு எல்லாம் எழுதப்பட்டன. 2022இல் ஆயுஷ்மான் பாரத் வழியாக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்றும் அறிவிப்பு வந்தது. அறுவைக்குப் பணம் ஒதுக்குவது எளிது, அதற்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு பில் இருக்கிறது. முப்பது வருடத்து ஜெல்லுக்கும் மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அப்படி ஒரு தேதி இல்லை. கேரளமோ அறுவை முடித்தவருக்குத் தொடர் சிகிச்சைக்கென்று ஓராண்டு மாத உதவித்தொகை தர முன்வந்தது. டைலேட்டரின் கடினமான காலம் அந்த ஓராண்டுதான் என்பதால் அது யோசித்துச் செய்த வேலை.

ஜமாத் முறையின் இன்னொரு குறையையும் விட்டுவிட முடியாது. குரு செலவழித்த பணம் பெரும்பாலும் கடனாகிறது. நாற்பது நாள் தாங்கிய அதே கை நாற்பத்தொன்றாம் நாள் கணக்குக் கேட்கிறது. கடனை அடைக்க அவள் பாலியல் தொழிலான தந்தாவுக்குத் திரும்புகிறாள். உறவுக்கே மூன்று மாதமாவது பொறுக்க வேண்டிய உடம்பு ஆறாம் வாரத்தில் வாடிக்கையாளரிடம் போகிறது. குருமார்களைத் திட்டி இதைத் தீர்க்க முடியாது. அவர்களும் இப்படித்தான் வந்தவர்கள். வேறெங்கும் கடன் கிடைக்காதவருக்கு அவர்கள்தான் வங்கி.

ஆகவே நாற்பது நாளை ஒழிக்கச் சொல்லும் சீர்திருத்தக் குரலில் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சளும் இருக்கட்டும், பாலும் ஊற்றட்டும். அறுவைக்கு முன்பே கூட இருக்கப்போகும் அந்த மூத்தவளை வார்டுக்கு அழைத்து, செவிலியர் அவள் கையில் டைலேட்டரைக் கொடுத்துக் கோணமும் நேரமும் சொல்லித்தர வேண்டும். ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதித்தர வேண்டும். முதல் மூன்று மாதம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறைக்கும் சாப்பாட்டுக்குமான தொகையைக் குருவின் கடன் நோட்டிலிருந்து அரசின் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஆண்டுக்கொரு நாள், ஒரே பிரிவில், ஹார்மோனும் எலும்பும் புரோஸ்டேட்டும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். பத்துப் பதினைந்து பேரை இப்படித் தேற்றி அனுப்பிய அனுபவம் உள்ள திருநங்கைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவமனை முறையாகப் பயிற்சி கொடுத்து, பராமரிப்புப் பணியாளர் என்று பெயரும் பதவியும் மாதச் சம்பளமும் தந்து வேலைக்கு எடுக்க வேண்டும்.