பத்தாண்டு கழித்தும் திறக்குமா? வீட்டு ஸ்டூடியோவுக்கான மலிவு மென்பொருள்கள்

வீட்டில் ஓர் அறையை ஒழித்து, ஒரு மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கி வைத்ததும் இசைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்பது. பெரும்பாலும் இரண்டே பதில்கள் கிடைக்கின்றன. பெரிய ஸ்டூடியோவில் இருப்பதையே போடு என்பார் ஒருவர். இலவசமாகக் கிடைப்பது எதையாவது போடு, எல்லாம் ஒன்றுதான் என்பார் மற்றவர். முதல் பதில் பலரைத் திருட்டுப் பிரதியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாம் பதிலை நம்பியவர், உழைத்து முடித்த பாட்டைச் சில ஆண்டுகள் கழித்துத் திறக்க முடியாமல் தவிக்கிறார். மலிவான மென்பொருளை நாடுவது நல்ல வழக்கம்தான். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் நாடுவதில்தான் கோளாறு இருக்கிறது.

விலையும் ஒலியும்

விலை கூடிய மென்பொருளில் ஒலி கனமாக வரும் என்ற நம்பிக்கை இசைக்காரர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதைச் சோதிப்பது எளிது. ஒரே வேவ் கோப்புகளை இரண்டு மென்பொருள்களில் எஃபெக்ட் ஏதுமின்றி, ஒரே ஒலியளவிலும் ஒரே இட, வலப் பங்கீட்டிலும் அடுக்கி மிக்ஸ் செய்து வெளியே எடுங்கள். இரண்டில் ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்து ஒலிக்க விட்டால், ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காதுக்கு எதுவும் எட்டாது. இன்றைய மென்பொருள்கள் ஒலிகளைக் கூட்டுவது 32 அல்லது 64 பிட் துல்லியத்தில். விலைக்கேற்ப அந்தக் கூட்டல் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் உடன்வரும் வாத்திய ஒலிகள், எஃபெக்ட்கள், வேலை செய்யும் வசதி ஆகியவையே.

நடந்த கதைகளும் இதையே காட்டுகின்றன. 2007-இல் உலகெங்கும் ஒலித்த ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸ் தாளம், ஆப்பிளின் கேரேஜ்பேண்டோடு வரும் ஒரு லூப்பிலிருந்து எடுக்கப்பட்டது. பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அவருடைய அண்ணன் ஃபினியாஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள பெற்றோர் வீட்டின் படுக்கையறையில், ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ள லாஜிக் புரோவில் உருவாக்கினார். அது 2020-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. நம் ஊரிலும் வீட்டு ஸ்டூடியோ புதிதல்ல. 1992-இல் வந்த 'ரோஜா'வுக்கு முன்பே ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவை அமைத்துவிட்டார். அன்று அதற்குப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. கலவை மேசையும் ஒலிநாடா இயந்திரமும் செய்த வேலையை இன்று ஒரு மடிக்கணினியே செய்துவிடுகிறது. எனவே மலிவு மென்பொருளைத் தேடுகிறவர் தரத்தில் எதையும் விட்டுக்கொடுப்பதாக எண்ண வேண்டியதில்லை. அவர் விட்டுக்கொடுப்பது வேறு சிலவற்றை. அவை என்னென்ன என்பது மலிவின் வகையைப் பொறுத்தது.

மலிவின் வகைகள்

முதல் வகை, கணினியோடு சேர்ந்து வரும் இலவசம். 2004-இல் அறிமுகமான கேரேஜ்பேண்ட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 255 டிராக் வரை போடலாம், நல்ல வாத்திய ஒலிகள் உண்டு, முதல் நாளிலேயே பாட்டு பிறக்கும். பிறகு லாஜிக் புரோ வாங்கினால் பழைய பாட்டுகள் அதில் அப்படியே திறக்கும். குறைகளும் உண்டு. முழுமையான மிக்ஸர் சாளரம் இல்லை. ஒரு பாட்டின் நடுவே தாள அளவை மாற்ற வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இது ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். ஏற்கெனவே மேக் வைத்திருப்பவருக்கு இது உண்மையான இலவசம். இதற்காகவே மேக் வாங்குகிறவருக்கு, கடன் தவணையில் வாங்கிய இலவசம்.

இரண்டாம் வகை, பெரிய பதிப்பை விற்பதற்காக வைக்கப்படும் சிறிய பதிப்பு. அவிட் நிறுவனத்தின் புரோ டூல்ஸ் இன்ட்ரோ இலவசம். 8 ஆடியோ, 8 இன்ஸ்ட்ருமென்ட், 8 மிடி டிராக்குகளோடு நின்றுவிடும். ஸ்டைன்பெர்க், யமஹா கருவிகளோடு கியூபேஸ் ஏஐ வருகிறது. வேறு பல இன்டர்ஃபேஸ்களோடு ஏபிள்டன் லைவ் லைட் வருகிறது. பெரிய ஸ்டூடியோவுக்குப் போக விரும்பும் மாணவருக்கு இவை நல்ல பயிற்சிக் களம், ஏனென்றால் கற்ற பழக்கம் வீணாகாது. ஆனால் எட்டு என்ற எண்ணைக் கச்சேரிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக், பாட்டு, வயலின், கடம், தம்பூரா. ஆறு டிராக் முடிந்தது. அனுபல்லவியை இரண்டாம் முறை பாடி அடுக்கினால் ஏழு. இதற்கு மேல் பல குரல்களில் ஒரு கோரஸ் சேர்க்க நினைத்தால், சந்தா கட்டச் சொல்லும் வாசலில் நிற்போம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வகைப் பிளகின்களை மட்டுமே ஏற்கும். 1996-இல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த விஎஸ்டி வகையில் மட்டும் வெளியாகும் இலவசப் பிளகின்கள் அதில் வேலை செய்யாது. எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் பாட்டைச் சேமிக்கலாம், ஆனால் காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. வாங்கியவருக்கு அதே நிறுவனம் வாழ்நாள் முழுதும் புதிய பதிப்புகளை இலவசமாகத் தருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் வகை, பொதுச்சொத்தாக எழுதப்படும் திறமூல மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளிவந்த அடாசிட்டி, குரலைப் பதிவுசெய்யவும் வெட்டி ஒட்டவும் போதுமானது. பாட்காஸ்ட், ஒலிநூல், உரை போன்றவற்றுக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன். ஒலிக்கவிட்டபடியே எஃபெக்ட்களை மாற்றிப் பார்க்கும் வசதி 2022-இல்தான் அதற்கு வந்தது. மிடி வேலைக்கு அது ஏற்றதல்ல. எல்எம்எம்எஸ் மிடியில் நன்றாக ஓடும், ஆனால் அதன் நிலையான பதிப்பில் குரலைப் பதிவுசெய்ய இயலாது. ஆகவே பாடகருக்குப் பயனில்லை. பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டர் இந்த மூன்றில் மிக முழுமையானது. மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. உடனே ஓடும் வடிவம் வேண்டுமென்றால் இயன்ற தொகையைக் கொடுத்துப் பெறலாம். டிராக்குக்கு வரம்பில்லை, ரூட்டிங் ஆழமானது. நாம் கொடுக்க வேண்டியது பொறுமை. சிக்கல் வந்தால் நாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் வகை, குறைந்த விலையை நேராகச் சொல்லி விற்பது. வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் வெளியிடும் ரீப்பர் இதற்கு எடுத்துக்காட்டு. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். தனியாள் உரிமத்தின் விலை 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கும் இதே விலைதான். அதற்கு மேல் போனால் 225 டாலர். ஒருமுறை வாங்கினால் இரண்டு பெரும் பதிப்புகள் வரை செல்லும். பழைய கணினியிலும் ஓடும், யுஎஸ்பி டிரைவில் வைத்தும் ஓட்டலாம். டிராக் வரம்பு இல்லை, பாட்டின் நடுவே தாளத்தை எத்தனை முறையும் மாற்றலாம். இதன் பெருங்குறை, காலி வீட்டைப் போல வருவது. எஃபெக்ட்கள் தரமாக இருக்கின்றன, வாத்திய ஒலிகள் ஏறக்குறைய இல்லை. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, ஸ்பிட்ஃபயர் லேப்ஸ் போன்ற இலவசப் பிளகின்களைத் தேடி நாமே சேர்க்க வேண்டும். மெனுக்களின் ஆழத்தில் தொடக்கநிலையாளர் திணறிப் போவார். முதல் மாதத்தில் பாட்டு செய்வதைவிட அமைப்புகளை மாற்றுவதிலேயே நேரம் போகும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது.

கடைசி வகை திருட்டுப் பிரதி. அதைக் கிராக் என்கிறோம். அதைப் பலர் தவிர்க்க முடியாத ஏழ்மையாகப் பார்க்கிறார்கள். கணினிக்குள் தீநிரல் நுழையும் ஆபத்து, புதிய பதிப்பு போட முடியாத நிலை, விண்டோஸ் மாறினால் பாட்டுகள் முடங்கும் நிலை ஆகியவை போதாதென்று, இதில் ஒரு நேர்மைக் கேள்வியும் இருக்கிறது. நம் பாட்டை அனுமதியின்றி எடுத்தாண்டால் கொதிக்கிற நாம், இன்னொருவரின் உழைப்பை அனுமதியின்றி எடுத்து அந்தப் பாட்டைச் செய்வது எப்படிச் சரியாகும்? ஐயாயிரம் ரூபாய்க்கும் இலவசத்துக்கும் முழுமையான மென்பொருள்கள் கிடைக்கும் காலத்தில் கிராக்குக்கு நியாயமே இல்லை.

கேக்வாக் கற்றுத் தந்தது

மலிவை மதிப்பிட விலைப்பட்டியல் போதாது என்பதற்குக் கேக்வாக் சோனாரின் கதை சான்று. 1987-இல் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. 2016-இல் ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுதும் மேம்பாடு என்று விற்றார்கள். மறு ஆண்டு நவம்பரில், அப்போதைய உரிமையாளரான கிப்சன், உருவாக்கப் பணியையே நிறுத்திவிட்டது. 2018-இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகவே கொடுத்தது. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். 2023-இல், அந்த இலவசப் பதிப்பின் இடத்துக்குப் புதிய தயாரிப்புகள் வரும் என்ற அறிவிப்பு வந்தது. ஏழே ஆண்டுகளில் ஒரே மென்பொருள் வாழ்நாள் வாக்குறுதி, கைவிடல், இலவசம், விடைபெறல் எனப் பல நிலைகளைக் கடந்தது. இதில் யாருக்கும் தீய எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. வாழ்நாள் என்ற வாக்குறுதி நிறுவனத்தின் ஆயுளைத் தாண்டிச் செல்லாது என்பதே செய்தி.

ஆகவே எந்த மென்பொருளிடமும் முதலில் கேட்க வேண்டியது, அது என் பாட்டை எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதுதான். ரீப்பரின் பாட்டுக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடில் திறந்தால்கூட எந்த வேவ் எந்த நொடியில் தொடங்குகிறது என்று படிக்கலாம். ஆர்டரின் மூலநிரலே பொதுவில் இருப்பதால் ஒரு நிறுவனம் மூடப்பட்டு அது மறைந்துபோக வாய்ப்பில்லை. மூடிய வடிவத்தில் சேமிக்கும் மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் சாவி நம் கையில் இல்லை.

நம் இசைக்கு எது பொருந்தும்?

இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை 4/4 தாளத்தையும் மேற்கத்திய ஸ்வர அமைப்பையும் அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்டவை. விலை கூடியவையும் இதில் விலக்கல்ல. மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று கட்டங்களை அமைத்துவிடலாம். விருத்தத்துக்குக் கட்டமே கூடாது. கிளிக்கை அணைத்துவிட்டு, பாடகரின் மூச்சைப் பின்பற்றிப் பதிவுசெய்ய வேண்டும். ஸ்ருதித் திருத்தும் கருவிகள்தான் பெரும் பொறி. 1997-இல் வந்த ஆட்டோ-டியூனின் வழியில் பல மென்பொருள்கள் இன்று அந்த வசதியைத் தருகின்றன. தோடியின் காந்தாரம் அசைவிலேயே உயிர் வாழும் ஸ்வரம். அதைத் தானியங்கித் திருத்தத்துக்கு விட்டால், அசைவைத் தவறென்று கருதிப் படிக்கட்டாக்கிவிடும். கமகம் உள்ள பாட்டுக்குத் தானியங்கித் திருத்தத்தை அணைத்து வையுங்கள். தேவைப்படும் ஓரிரு இடத்தில் மட்டும் கையால் திருத்துங்கள், அல்லது மறுபடி பாடுங்கள்.

உடன்வரும் ஒலிக்களஞ்சியங்களிலும் பியானோ, கிட்டார், டிரம்ஸ் நிறைந்திருக்கின்றன. தவில், உறுமி, பறை, நாதஸ்வரம் ஆகியவற்றைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் குறையை நான் ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறேன். மென்பொருளில் மிச்சமான பணத்தில் ஒரு தவில் கலைஞரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லலாம். எந்த லூப்பும் அதற்கு ஈடாகாது. அறையில் எதிரொலியை அடக்கக் கனமான திரைச்சீலை போடுவதும், ஒரு நல்ல மைக் வாங்குவதும் கேட்பவர் காதில் உடனே தெரியும். மென்பொருளின் பெயர் அங்கே தெரியாது.

முடிவு

மேக் வைத்திருப்பவர் கேரேஜ்பேண்டில் தொடங்கட்டும். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு ரீப்பர், லினக்ஸ்காரருக்கு ஆர்டர் அல்லது ரீப்பர், குரல் மட்டும் பதிவுசெய்பவருக்கு அடாசிட்டி. இன்டர்ஃபேஸோடு வந்த சிறிய பதிப்பைக் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள். முக்கியமான பாட்டுகளை அதன் வரம்புக்குள் அடைக்காதீர்கள். எதைத் தேர்ந்தாலும் பத்துப் பாட்டு முடியும்வரை மாற்றாதீர்கள், ஏனென்றால் மென்பொருள் மாற்றிக்கொண்டே இருப்பவரிடம் பாதிப் பாட்டுகளே சேருகின்றன.

ஒவ்வொரு பாட்டும் முடிந்த அன்றே, எல்லா டிராக்குகளையும் தொடக்கத்திலிருந்து 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஐந்து நிமிடப் பாட்டின் 12 மோனோ டிராக்குகளும் சேர்ந்து சுமார் 520 மெகாபைட்தான் வரும். எந்த நிறுவனம் மூடினாலும், எந்த விலை ஏறினாலும், அந்த வேவ் கோப்புகள் எந்த மென்பொருளிலும் திறக்கும்.