துன்பக்கேணியும் குடியுரிமைத் தாளும்

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. அதனைப் பற்றி எழுதியோரில் பெரும்பாலோர், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கண்ணீர்க் கதை என்ற அளவிலேயே அதனைப் போற்றியுள்ளனர். போற்றுதல் தகும், ஆயின் அது போதாது. தாமிரபரணிச் சீமையிலிருந்து கடல் கடந்த ஏழைப் பெண் எந்த நாட்டுக்கு உரியவள் என்ற வினாவும் அக்கதைக்குள் கிடக்கிறது. சட்டம் அவ்வினாவுக்கு இன்னமும் நேர்மையான விடை தரவில்லை என்பதால், கதையை மறுபடியும் படித்தாக வேண்டியிருக்கிறது.

கதையின் ஊர் திருநெல்வேலி ஜில்லாவின் வாசவன்பட்டி. அவ்வூர்ச் சேரியில் வாழும் மருதியின் கணவன் வெள்ளையன் சிறைக்குப் போகிறான். ஆதரவற்ற மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்கிறாள். தோட்டத்துத் துரையின் அதிகாரம் அவள் உழைப்போடு நிற்காமல் உடலையும் தீண்டுகிறது. ஊர் திரும்புகிறாள், ஊரில் அவளுக்கு இடமில்லை. மீண்டும் அந்த மலைக்கே போகிறாள். மகள் வெள்ளைச்சி அங்கேயே வளர்கிறாள்.

கதையின் வலிமை அது தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தோட்டத்தை மட்டும் நரகமாகக் காட்டியிருந்தால், பழி முழுவதையும் வெள்ளைக்காரன் தலையில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருக்கலாம். ஆசிரியர் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. பண்ணையின் அதிகாரமும் சாதியின் கொடுமையும் வாசவன்பட்டியிலேயே மருதியை வெளியே தள்ளிவிடுகின்றன. கப்பல் அதன் பிறகுதான் வருகிறது. குறையும் உண்டு. பிற்பகுதியில் ஆண்டுகள் விரைந்தோட, முற்பகுதியின் செறிவு தளர்கிறது. மலையிலேயே வளர்ந்த தலைமுறை தன்னை எந்த ஊராகக் கருதியது என்பதை ஆசிரியர் ஊன்றிப் பார்க்கவில்லை. பின்னாளில் சட்டம் கைவைத்ததோ அந்தத் தலைமுறையின் மீதுதான்.

புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். வெள்ளைச்சியின் தந்தையோ வாசவன்பட்டியான். 25 நாட்கள் கழித்து, டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனவுரிமை உண்டென்பது அதன் 15ஆம் விதி. உலகம் அவ்வுரிமையை அறிவித்தபோது, மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் அதை இழந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பின்னர் 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். சொத்துப் பாகப்பிரிவினையில்கூட வாரிசுகளின் கையொப்பம் கேட்பார்கள். இங்கே பங்கிடப்பட்ட மக்கள் ஒப்பந்த மேசையில் இல்லை.

இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்த நாவல் அது. நெல்லைச் சீமையின் மயிலோடைக் கிராமத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி ஆனைமலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். முன்பணக் கடன், பிரம்படி, காய்ச்சல், சாவு ஆகிய யாவும் மருதியின் தோட்டத்துக்கு ஒத்தவையே. டேனியல் தோட்ட மருத்துவர். ஆகவே நோயையும் கூலிக்கணக்கையும் அவர் எழுதுமளவு நுட்பமாகப் புதுமைப்பித்தன் எழுதவில்லை. புதுமைப்பித்தனின் சொற்சிக்கனமோ டேனியலிடம் இல்லை. எனினும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இருவர் வீட்டையும் காலி செய்தது ஒரே பசி. கருப்பனின் பேரன் இந்தியக் குடிமகன். மருதியின் பேரன் நாடற்றவன். நடுவே கிடந்த சிறு கடலைத் தவிர அவர்களிடையே வேற்றுமை யாது?

ஒரு மறுப்பு எழக்கூடும். அகதி என்பவர் யார் என்பதை 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வரையறுத்துள்ளது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுக் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரே அகதி. பசியால் போனவரையும் அகதி என்றால் அச்சொல்லின் காப்பு நீர்த்துவிடாதா? மறுப்பில் நியாயம் உண்டு. அபயம் தேடி வந்தவரைத் துரத்தியவரிடமே திருப்பி அனுப்பலாகாது என்பது அவ்வுடன்படிக்கையின் உயிர். மக்கத்துக் குறைஷியர் பரிசுப் பொருள்களோடு வந்து கேட்டும், அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி தம்மை நாடி வந்தவர்களை ஒப்படைக்க மறுத்த வரலாறு நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்தது. அந்தக் காப்பைத் தளர்த்த வேண்டும் என்று எவரும் கூறார். ஆயினும் பிரகடனத்தின் 15ஆம் விதி, ஏன் ஊரைவிட்டுப் போனாய் என்று கேட்கவில்லை. பசியால் போனவருக்கும் அச்சத்தால் போனவருக்கும் ஒரு நாடு வேண்டும் என்கிறது. 'துன்பக்கேணி' நிற்பதும் இந்த இடத்தில்தான்.

நம் சமுதாயத்துக்கு இது அயலார் கதையன்று. காயல்பட்டினத்து வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இலங்கைக்குச் சபர் போனவை. 1948க்குப் பிறகு கடை வைத்திருந்த சபராளியும் கொழுந்து பறித்த கூலியும் அந்நாட்டுச் சட்டத்தின் முன் ஒருபோல அந்நியரானார்கள். நம் எழுத்தில் சபராளியின் வரவுக்குக் காத்திருக்கும் மனைவி இடம்பெற்ற அளவுக்கு அவனுடைய குடியுரிமைத் தாள் இடம்பெறவில்லை. 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்துக்குச் சென்ற அவர்கள் நாட்டின் எல்லையைக் கடக்காததால் உடன்படிக்கையின்படி அகதிகளும் அல்லர். எல்லை தாண்டினால் குடியுரிமை இல்லை; தாண்டாவிட்டால் அகதி என்னும் காப்பும் இல்லை.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தோர் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் மருதியின் வழிவந்த மலையகத் தமிழரும் உண்டு. நெல்லை மாவட்டக் கோபாலசமுத்திரத்திலும் அவர்களுக்கான முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல சொல், ஆனால் பெயர் மாற்றம் குடியுரிமை ஆகாது. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அந்நியரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லிக் குறித்தது. நாடுகளில் இலங்கை இல்லை. மதங்களில் இஸ்லாம் இல்லை. துயரத்தை அளக்காமல் பிறந்த நாட்டையும் மதத்தையும் பார்த்து அபயம் அளிப்பது நீதியாகாது.

இலக்கியம் சட்டம் இயற்றாது. ஆனால் சட்டம் எண்ணாக எழுதி வைத்தவர்களை அது பெயரால் அழைக்கிறது. 5,25,000 என்னும் எண்ணை நாம் கடந்து போய்விடுவோம். மருதியை அப்படிக் கடக்க இயலாது. வெள்ளைச்சி எந்த நாட்டவள் என்பதைப் புதுமைப்பித்தன் எழுதாமல் விட்டார். அவளுடைய பேரப்பிள்ளைகள் முகாம்களில் வளர்ந்துவிட்ட இக்காலத்தில், அதை எழுதும் கடமை நம் எழுத்தாளர்களுக்கு உண்டு. நம் இல்லங்களின் பழைய பெட்டிகளில் கிடக்கும் சபர்க் கடிதங்களும் கடவுச்சீட்டுகளும் அதற்கு நல்ல மூலதனம்.