கெபிக்குள் நிற்பவள் யார்?

நம் பங்குக் கோயில் வளாகங்களில் பெரும்பாலும் ஒரு கெபி இருக்கும். சிமெண்டில் எழுப்பிய பாறை, அதன் நடுவே ஒரு குகை, குகையில் வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையும் அணிந்த மாதா, கீழே முழந்தாளிட்ட ஒரு சிறுமி. கைகூப்பி, கண்களை வானத்துக்கு உயர்த்தி நிற்கும் லூர்து மாதாவைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்கிறோம். வில்லியனூர், பெரம்பூர் திருத்தலங்கள் அவள் பெயரிலேயே இருக்கின்றன. ஆனால் இந்தச் சுரூபத்தின் முதல் விமர்சகி கீழே முழந்தாளிட்டிருக்கும் அந்தச் சிறுமிதான் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அவளுடைய விமர்சனம் மிகச் சுருக்கமானது: இது அவள் இல்லை.

பெர்னதெத் சுபிரு பிரான்சின் லூர்து நகரில் நொடித்துப்போன மாவு மில்காரர் ஒருவரின் மகள். குடும்பம் வாழ்ந்தது கைவிடப்பட்ட ஒரு பழைய சிறை அறையில். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 முறை தான் ஒரு காட்சி கண்டதாக அவள் சொன்னபோது வயது 14. எழுதப் படிக்கத் தெரியாது, ஆஸ்துமா நோயாளி, பேசியது பிரெஞ்சு அல்லாத வட்டார மொழி. காவல் அதிகாரியும் பங்குத்தந்தையும் துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் வாக்குமூலம் மாறவில்லை.

அந்த வாக்குமூலத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, தான் கண்டவள் இளம்பெண், தன்னளவே உயரமானவள் என்றாள். பெர்னதெத்தின் உயரம் சுமார் 1.40 மீட்டர். மற்றொன்று, அந்தப் பெண் தன்னிடம் ‘நீங்கள்’ என்று மரியாதையாகப் பேசினாள், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்ப்பதுபோலத் தன்னைப் பார்த்தாள் என்றாள். ஊரே ‘நீ’ என்று அழைத்த ஏழைச் சிறுமிக்கு அது எவ்வளவு பெரிய அனுபவம் என்பதை நாம் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். யாருக்கு ‘நீ’, யாருக்கு ‘நீங்கள்’ என்பதில் சாதியும் வர்க்கமும் பாலினமும் இருப்பதை அறிந்த மொழி நம்முடையது.

1863இல் லியோன் நகரத்துச் சிற்பி ஜோசப் ஃபாபிஷ் அவளைச் சந்தித்தார். அதே நகரின் ஃபூர்வியேர் குன்றுக்கு ஏற்கெனவே மாதா சிலை செய்து கொடுத்தவர் அவர். அந்தப் பெண் தன் பெயரை எப்படிச் சொன்னாள் என்று அவர் கேட்க, பெர்னதெத் எழுந்து நின்று கைகூப்பிக் கண்களை உயர்த்திக் காட்டினாள். இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர்களிடம்கூட இப்படி ஓர் அழகைக் கண்டதில்லை என்று நெகிழ்ந்து எழுதினார் சிற்பி. 1864 ஏப்ரல் 4 அன்று பளிங்குச் சிலை குகையில் நிறுவப்பட்டது. உயரம் 1.88 மீட்டர். சிறுமி ஓங்கிய ஒரு சீமாட்டி ஆகிவிட்டாள்.

சிற்பி அவளைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உடை, இடைக்கச்சை, பாதங்களின் மேல் மஞ்சள் ரோஜா எல்லாம் அவள் சொன்னவைதான். கண்களை உயர்த்திய நிலையும் அவள் காட்டியதுதான். ஆனால் 18 காட்சிகளில் எந்த நொடி கல்லாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவர். ‘நாமே அமல உற்பவம்’ என்று அந்தப் பெண் சொன்ன நொடி அது. 1854இல்தான் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அமல உற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்திருந்தார். கோட்பாட்டுக்குத் தேவைப்பட்ட நொடி சிலையானது. சிறுமியைப் பார்த்துப் புன்னகைத்த நொடிகள் விடுபட்டன.

உங்கள் ஊர்க் கெபியை இனிமேல் பார்க்கும்போது கண்களைக் கவனியுங்கள். சிறுமி மாதாவைப் பார்க்கிறாள். மாதா சிறுமியைப் பார்ப்பதில்லை. சமமாக நின்று பேசிய இருவர், மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாகப் பிரிக்கப்பட்டார்கள். பெண்ணின் அனுபவத்தை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் தன் அளவுக்குத் திருத்தித்தான் ஏற்றுக்கொள்ளும். அச்சில் வார்த்து வண்ணம் பூசிய ஆயிரமாயிரம் சுரூபங்களும் அந்தத் திருத்தத்தைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோயின.

பெர்னதெத் பிறகு என்ன ஆனாள்? 1866இல் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். நோயாளிகளைக் கவனித்தாள், கோயில் பொருட்களைப் பராமரித்தாள், பீடத் துணிகளுக்கும் பூசை உடைகளுக்கும் பூவேலை செய்தாள். 1879இல், 35 வயதில் இறந்தாள். கோயில் கலையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வாழ்க்கை வேறில்லை. கல்லும் மரமும் வண்ணக் கண்ணாடியும் பெரும்பாலும் ஆண்களின் கைக்குப் போயின. துணியும் நூலும் பூவும் நமக்கு வந்தன.

அந்தத் துணிக்கும் எல்லை வகுக்கப்பட்டது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பூசைவேளையில் பெண் பீடத்தை நெருங்கக் கூடாது. பூசையில் பயன்படுத்திய திருமேனித் துகிலை உயர்நிலைக் குருத்துவப் பட்டம் பெற்றவர் முதலில் அலச வேண்டும். அதன் பிறகே கன்னியரும் பொதுநிலையினரும் துவைக்கலாம். தைத்தவள் பெண், ஆனால் தொட அனுமதி கேட்க வேண்டியவளும் அவளே. சிறுமிகள் பீடத்தில் உதவி செய்ய உரோமையின் அனுமதி 1994இல்தான் வந்தது.

குமரி மாவட்டத்து முளகுமூட்டில் 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்தரின் கன்னியர் சபை உருவானது. லேஸ் பின்னலும் பூத்தையலும் அங்குள்ள ஏழைப் பெண்களுக்குத் தொழிலாயின. கண்ணையும் விரலையும் தேய்க்கும் வேலை அது. கையில் சொந்தக் காசு வந்த வேலையும் அதுதான். அடிமைத்தனம் என்றோ விடுதலை என்றோ ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. ஆனால் அதைக் கலை என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம், செய்தவர்கள் யார் என்பது மட்டுமே.

கோயில் கல்வெட்டில் ஆயரின் பெயரும் பங்குத்தந்தையின் பெயரும் இருக்கும். மின்விசிறியில்கூட உபயதாரர் பெயர் இருக்கும். பீடத் துணியின் ஓரத்தில் எந்தப் பெயரும் இராது. திருவிழாச் சப்பரத்துக்குப் பூத்தொடுத்தவர்கள் யார் என்பதும் மறுநாளே மறந்துபோகும்.

ஆகவே கோயில் கலை வரலாற்றை எழுத விரும்பும் மாணவிகள் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பீடத் துணிகளை வைத்திருக்கும் அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். தைத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெயர், ஊர், கற்றுக்கொடுத்தவர், கிடைத்த கூலி ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பெர்னதெத்தை வணங்குகிறவர்கள், அவள் சொன்னதையும் ஒருமுறை கேட்கலாம்.