எழுத்தும் நாதமும்

ஐந்து கோடுகளின் மேல் சங்கீதத்தை எழுதிப் படிக்கும் வழக்கம் மைசூருக்குப் புதிதன்று. அங்கே அரண்மனையின் ஆதரவில் ஆங்கிலப் பாண்டு வாத்தியம் முழங்கியது. மேல்நாட்டுப் பியானோவில் தேர்ந்த மன்னர் ஜயசாமராஜ உடையார், 94 கர்நாடகக் கிருதிகளை இயற்றிய சாகித்தியகர்த்தராகவும் விளங்கினார். அத்தகைய ஊரில் இசை பயிலும் ஒருவர், விண்டோஸுக்கென்று ஆக்கப்பட்ட இசைக்குறிப்பு மென்பொருளை லினக்ஸ் கணினியில் வைன் என்னும் இடைநிலைச் சாதனத்தின் துணையால் இயக்க விரும்புவாராயின், அம்முறையின் குணதோஷங்களை ஆராய்ந்து பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியமே.

குணங்களை முதலில் சொல்வோம். 1993இல் தொடங்கிய வைன், விண்டோஸ் கணினி முழுவதையும் போலியாக உருவாக்குவதில்லை. மென்பொருள் விடுக்கும் அழைப்புகளை லினக்ஸுக்கு உரியனவாக மாற்றித் தருவதோடு நின்றுவிடுகிறது. ஆதலால் பழைய கணினியும் அதைத் தாங்கும். விண்டோஸ் உரிமத்துக்குப் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. இவற்றினும் பெரிய லாபம் பழைய கோப்புகள் பிழைப்பது. 1988இல் தோன்றிய ஃபினாலே என்னும் இசைக்குறிப்பு மென்பொருளை அதன் நிறுவனத்தார் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டதைக் கண்டவர்களுக்கு, ஒருவர் பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்ததெல்லாம் ஒரே மென்பொருளின் சொந்த வடிவத்தில் சிறைப்பட்டுக் கிடப்பதன் அபாயம் விளங்கும்.

தோஷம் நாதத்தில் இருக்கிறது. நோட்வொர்தி கம்போசர் போன்றதொரு மென்பொருளை வைனில் திறந்தால் பக்கம் செவ்வனே தெரியும். இசைக்கும் பொத்தானை அழுத்தினால் குறிமுள் தாளக் கட்டங்களைத் தாண்டித் தாண்டி ஓடும். ஒலி மட்டும் எழாது. மென்பொருள் அனுப்புவது ஒலியன்று, இன்ன ஸ்வரத்தை இவ்வளவு நேரம் இசை என்னும் மிடி கட்டளையே. அதை ஒலியாக்கும் கருவி விண்டோஸினுள்ளேயே அமைந்திருக்கிறது. வைனோ கட்டளையை லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் ஆல்சாவின் வாயிலில் சேர்த்துவிட்டுப் பேசாதிருக்கிறது. அங்கே கட்டளையை ஒலியாக்கும் ஃப்ளூயிட்சிந்த், டிமிடிட்டி என்னும் மென்பொருள்களில் ஒன்றை முன்னதாக இயக்கி, வாத்திய ஒலிகள் அடங்கிய சவுண்ட்ஃபான்ட் ஒன்றை ஏற்றி, அதன் பின்னரே மென்பொருளைத் திறந்து, அதன் மிடி பட்டியலில் அந்த வாயிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் மௌனமே மிஞ்சும். லினக்ஸின் ஒலி அமைப்பு மாறும்போதெல்லாம் சரிபார்ப்பும் புதிதாகத் தொடங்கும். சவுண்ட்ஃபான்ட் மாறினால் அதே பக்கத்தின் புல்லாங்குழல் வேறொரு புல்லாங்குழலாகிவிடுவதால், வாத்தியங்களின் பலாபலத்தை அந்த ஒலியைக்கொண்டு நிர்ணயிப்பதும் தகாது.

ஆயினும் வைனின் தலையில் சுமத்தக்கூடாத குறை ஒன்றுண்டு; அது ஸ்வரங்களை அசைக்கும் கமகத்தைப் பற்றியது. சின்னசாமி முதலியார் 1890களில் சென்னையில் நம் உருப்படிகளை ஐரோப்பியக் குறிப்பில் அச்சேற்றினார். சுப்பராம தீக்ஷிதரோ 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கென்றே தனி அடையாளங்களை அமைத்தார். பன்னிரண்டு ஸ்தானங்களில் நடக்கும் மிடி ஒலி தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்திவிடுவது விண்டோஸிலும் நிகழ்வதே.

ஆகவே என் அபிப்பிராயம் இது: எழுதியதில் பிழை உண்டா என்பதைச் செவியே இறுதியில் தீர்க்கிறதாதலால், ஒலிக்கு இத்தனை தயவுகளை நாடும் ஒரு முறையை நித்திய வாசஸ்தலமாகக் கொள்ளலாகாது. பழைய கோப்புகளை வைனில் திறந்து, கேட்டுச் சரிபார்த்து, இயன்றவற்றைப் பல மென்பொருள்களும் படிக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் வெளியேற்றிக்கொள்க. புதியவற்றை, லினக்ஸில் நேராகவே இயங்கித் தன் ஒலியையும் தானே எழுப்பும் மியூஸ்ஸ்கோரில் எழுதுக.